விரல் நுனிக்கு ஒரு ஸ்ட்ரிப்
கொல்கத்தாவின் காளிகாட் கோயிலைச் சுற்றி எங்கு பார்த்தாலும் பேடா இனிப்புக் கடைகள். அதே வட்டாரத்து மருந்துக் கடைகளில் விற்கும், ரத்தச் சர்க்கரை பார்க்கும் சுகர் ஸ்ட்ரிப்பைத்தான் இங்கே பாராட்ட விரும்புகிறேன்.

விரல் அகலம்கூட இல்லாத பிளாஸ்டிக் துண்டு. அதன்மேல் கரி மையால் அச்சடித்த மின்முனைகள். 19-ஆம் நூற்றாண்டில் இதே தெருக்களில் பட்டுவா ஓவியர்கள் யாத்ரீகர்களுக்காக மலிவான தாளில் விரைந்து வரைந்த படங்களைப் போல, இதிலும் விலை குறைவு, கைத்திறன் அதிகம். மின்முனையின் மேல் உலர்ந்த நொதி ஒன்று காத்திருக்கிறது. பல ஸ்ட்ரிப்களில் அது பூஞ்சையிலிருந்து எடுத்த குளுக்கோஸ் ஆக்சிடேஸ். ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவான ரத்தம் போதும். நொதி குளுக்கோஸிலிருந்து எலெக்ட்ரான்களைப் பறித்து, இன்னொரு வேதிப்பொருள் வழியாகக் கரிக்கு அனுப்புகிறது. மீட்டர் அந்த மின்னோட்டத்தை அளந்து எண்ணாகக் காட்டுகிறது. ரத்தத்தில் எத்தனையோ பொருள்கள் கலந்திருக்க, குளுக்கோஸை மட்டும் இனம் காணும் அந்த நொதியின் கூர்மைக்கு ஈடே இல்லை.

மின்முனையோடு நொதியைச் சேர்ப்பது 1962-இல் விஞ்ஞானி லேலண்ட் கிளார்க் சொன்ன யோசனை. பேனா வடிவ மீட்டராக 1987-இல் கடைக்கு வந்தது. மீன் கெடாமல் இருக்கிறதா என்பதையும் பூச்சிமருந்து எச்சத்தையும் அறிய இதே வழியில் உணரிகள் செய்கிறார்கள்.

கொல்கத்தாவின் ஈரக்காற்று நொதியைக் கெடுக்கும். ஸ்ட்ரிப்பை எடுத்ததும் டப்பாவை உடனே மூடுங்கள். பேடா தொட்ட விரலைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகே குத்துங்கள். விரலில் குளுக்கோஸ் ஒட்டியிருந்தால் அதுவும் கணக்கில் சேர்ந்துவிடும்.