பேட்டியின் அட்டைகள்

ஐடி ஆபரேஷன்ஸ் வேலையில் சேருகிறவர்களிடம் மூத்தவர்கள் படிக்கச் சொல்லும் நாவல் ஒன்று உண்டு: 2013இல் வெளியான 'தி ஃபீனிக்ஸ் ப்ராஜெக்ட்'. ஜீன் கிம், கெவின் பெர், ஜார்ஜ் ஸ்பாஃபோர்ட் மூவரும் சேர்ந்து எழுதியது. அடிக்கடி சர்வர்கள் படுத்துவிடும் ஒரு நிறுவனத்தை பில் பால்மர் என்பவன் ஒழுங்குக்குக் கொண்டுவருகிறான். தேங்கிய வேலையைக் கண்ணுக்குத் தெரியும்படி வைப்பது, ஒரே ஆளை நம்பியிருப்பதன் ஆபத்து, மாற்றங்களைச் சிறிது சிறிதாகச் செய்வது என்று இத்தொழிலின் அடிப்படைகளை எளிமையாகச் சொல்லும் நல்ல புத்தகம். எனக்கும் அது உதவியது. ஆனால் அதில் பெண்கள் எங்கே நிற்கிறார்கள்?

பதவி ஆசை கொண்ட சாரா, கதையின் வில்லி. பில்லின் மனைவி பெய்ஜ் வீட்டையும் குழந்தைகளையும் கவனிக்கிறாள். நேரங்கெட்ட நேரத்தில் போன் வந்தாலும் பில் கிளம்பிவிட முடிவது அதனால்தான். ஒருவர் ஆன்-கால் பணியில் இருக்க, வீட்டில் இன்னொருவர் சம்பளமில்லாமல் ஆன்-காலில் இருக்கவேண்டும். நாவல் இதைக் குடும்பச் சங்கடமாகக் காட்டுகிறது, உழைப்பாகக் கணக்கிடவில்லை.

மூன்றாமவள் பேட்டி. யார், எந்த சர்வரில், எப்போது கைவைக்கப் போகிறார்கள் என்பதை அட்டைகளில் எழுதவைத்து வரிசைப்படுத்தும் முறைக்கு அவள்தான் காவல். எல்லாவற்றையும் தலைக்குள்ளேயே வைத்திருக்கும் பிரென்ட் ஒரு முட்டுக்கட்டை என்று நாவலே ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் 'மேதை' என்ற பெயர் அவனுக்குத்தான். முடிவில் உச்சிப் பதவிக்கான பாதை பில்லுக்குத் திறக்கிறது.

குழுவை ஒட்டவைக்கும் இத்தகைய வேலையைப் பசை என்றார் மென்பொருள் பொறியாளர் டான்யா ரைலி. 2019இல் வெளியான 'பீயிங் க்ளூ' கட்டுரையில், தொடக்க நிலையில் இருப்பவர் இதைச் செய்தால் பதவி உயர்வில் அது கணக்கில் வராமல் போகலாம் என்று எச்சரித்தார்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஆறு மாதம் ரன்புக் எழுதினேன். அதைப் பார்த்து நள்ளிரவில் டேட்டாபேஸை மீட்டவருக்குப் பாராட்டு வந்தது. "நைட் ஷிஃப்ட் உனக்கு வேண்டாம்மா" என்று அக்கறையோடு என்னை ஒதுக்கிய அதே மேலாளர், அப்ரைசலில் "ப்ரொடக்‌ஷன் அனுபவம் போதாது" என்றார்.

ஆகவே, தோழியரே, லினக்ஸ், நெட்வொர்க், டெராஃபார்ம் எல்லாம் கற்றுக்கொள்ளுங்கள். இந்த நாவலையும் படியுங்கள். கூடவே கேளுங்கள்: ப்ரொடக்‌ஷன் அனுமதி யார் யாருக்கு? ஆன்-கால் பட்டியலில் என் பெயர் உண்டா? அதற்குத் தனிப்படி, வீடு சேர வண்டி, மறுநாள் ஓய்வு உண்டா? நீங்கள் எழுதும் ரன்புக்கில் உங்கள் பெயரைப் போடுங்கள். அதைக்கொண்டு எத்தனை முறை சர்வர் மீண்டது என்பதைக் குறித்துவைத்து, அப்ரைசல் அன்று மேசைமேல் வையுங்கள். வேலையைக் கண்ணுக்குத் தெரியும்படி வை என்பதுதானே அந்த நாவல் சொல்லும் பாடம்!