போகிற வழியில் ஆக்ஸ்நார்ட்

சனி, ஞாயிறோடு ஒரு நாள் லீவு சேர்ந்தால் போதும். நம் ஆபீஸ்களில் டூர் பிளான் ஆரம்பித்துவிடும். யார் வண்டி, யார் ஓட்டுவது, ரூம் யார் பெயரில், செலவை எப்படிப் பிரிப்பது என்று ஒரு வாரம் மண்டை உடையும். பாதி சந்தோஷம் அதிலேயே தீர்ந்துபோகும். ஆனால், கூட வருகிறவன் தன் பங்குப் பணத்தை எங்கிருந்து புரட்டினான் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் மரியாதையாக இருக்காது, இல்லையா?

'சைட்வேஸ்' படத்தைப் போன வாரம் மறுபடி பார்த்தபோதுதான் இது உறைத்தது. 2004-ல் வந்த படம். டைரக்டர் அலெக்ஸாண்டர் பெய்ன். ரெக்ஸ் பிக்கெட் எழுதிய நாவல்தான் மூலம். நாவல் புத்தகமாக அச்சில் வந்ததும் அதே 2004-ல்தான்! திரைக்கதைக்காக பெய்னும் ஜிம் டெய்லரும் ஆஸ்கர் வாங்கினார்கள்.

முதல் தடவை இதைப் பார்த்தபோது எனக்கு இருபத்து சொச்சம் வயசு. முப்பது ரூபாய் டிவிடி, பாதியில் திக்கும், கீழே கொரிய எழுத்து ஓடும். அப்போது எனக்கு ஹீரோ ஜாக்தான். சிரி சிரியென்று சிரித்தேன். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன். பக்கத்தில் மனைவி. அதே படம்தான்... ஆனால், வேற படம்!

கதை சின்னது. மைல்ஸ் (பால் ஜியாமட்டி) சான் டியேகோவில் பள்ளிக்கூட இங்கிலீஷ் வாத்தியார். விவாகரத்து ஆனவன். தடிமனாக ஒரு நாவல் எழுதி வைத்துக்கொண்டு பதிப்பகத்தின் பதிலுக்குக் காத்திருக்கிறான். ஒயின் பைத்தியம். அவனுடைய காலேஜ் ரூம்மேட் ஜாக் (தாமஸ் ஹேடன் சர்ச்), ஒரு காலத்தில் டிவி சீரியலில் தலை காட்டிய நடிகன். அடுத்த சனிக்கிழமை ஜாக்குக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் ஒரு வாரம் ரெண்டு பேரும் ஊர் சுற்றக் கிளம்புகிறார்கள். மைல்ஸின் பிளான் ஒயின், நல்ல சாப்பாடு, கோல்ஃப். ஜாக்கின் பிளான்... கல்யாணத்துக்கு முன்னால் கடைசியாக ஒரு 'ஆட்டம்'. ஒரே வண்டியில் ரெண்டு டூர் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போகிற இடம் சாண்டா யினெஸ் பள்ளத்தாக்கு. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து 101-ம் நம்பர் நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 200 கிலோமீட்டர். பியூல்டன், சோல்வாங், லாஸ் ஒலிவோஸ் என்று பக்கம் பக்கமாகக் குட்டிக் குட்டி ஊர்கள். சோல்வாங்கை 1911-ல் டென்மார்க்கிலிருந்து வந்தவர்கள் உருவாக்கினார்கள். அதனால் கலிஃபோர்னியா வெயிலில் காற்றாலையும் டேனிஷ் பாணி வீடுகளுமாக, சினிமா செட் போட்ட மாதிரி இருக்கும்.

கம்பம் பக்கம் போனால் பந்தலில் தலைக்கு மேலே பன்னீர் திராட்சை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அப்படி இல்லை. கம்பி கட்டி, வரிசை வரிசையாகக் குட்டைச் செடிகள். கலிஃபோர்னியாவின் கடற்கரை மலைகள் பெரும்பாலும் வடக்கு தெற்காக ஓடும். இந்த இடத்தில் மட்டும் கிழக்கு மேற்காகப் படுத்திருக்கின்றன. அந்த இடைவெளி வழியாகப் பசிபிக் கடலின் பனிமூட்டமும் குளிர்காற்றும் உள்ளே வந்துவிடும். குளிர்ச்சி கேட்கிற 'பினோ நுவார்' என்கிற திராட்சைக்கு இது தாய்வீடு மாதிரி. மைல்ஸுக்கு அந்தத் திராட்சைமேல்தான் காதல். 'மெர்லோ' என்றால் ஆகாது. யாராவது மெர்லோ ஆர்டர் பண்ணினால் எழுந்து போய்விடுவேன் என்று ஹோட்டல் வாசலில் நின்று கத்துகிறான்.

நம் சினிமாவில் ஒருத்தன் பாட்டிலைத் தொட்டால் ஒன்று வில்லன், இல்லாவிட்டால் காதல் தோல்வி. ஓரத்தில் எச்சரிக்கை வாசகம் ஓடும். இந்தப் படத்தில் குடி ஒரு படிப்பு. முதல் ஒயின் கூடத்தில் மைல்ஸ் பாடம் நடத்துகிறான்: கிளாஸை வெளிச்சத்தில் சாய்த்து நிறம் பார், சுழற்று, மூக்கை உள்ளே விடு, என்ன வாசனை வருகிறது என்று யோசி. ஸ்டிராபெர்ரி என்கிறான், ஏதோ ஒரு பாலாடைக்கட்டி என்கிறான். ஜாக் எல்லாவற்றுக்கும் பயபக்தியோடு தலையாட்டுகிறான். கடைசியில் பார்த்தால் வாயில் சூயிங்கம்! ரெண்டு பேரின் நட்பையும் இதைவிடச் சுருக்கமாக யாராலும் காட்ட முடியாது.

படத்தின் உயிர் ராத்திரி வராந்தாக் காட்சி. ஹோட்டலில் வேலை பார்க்கும் மாயா (வர்ஜீனியா மேட்சன்), உனக்கு ஏன் பினோமேல் அவ்வளவு ஆசை என்று மைல்ஸைக் கேட்கிறாள். மெல்லிய தோல், எளிதில் கெட்டுப்போகும், பொறுமையாகப் பார்த்துக்கொள்கிறவனிடம்தான் அது பிழைக்கும் என்று அவன் சொல்லிக்கொண்டே போகிறான். திராட்சையைப் பற்றிப் பேசுவதாக அவன் நினைக்கிறான். தன் ஜாதகத்தைத்தான் வாசிக்கிறான் என்று நமக்குத் தெரிகிறது. மாயாவுக்கும் தெரிகிறது. பிறகு அவள் பேசுகிறாள். ஒரு ஒயினைக் குடிக்கும்போது அந்த வருஷம் எப்படி வெயில் அடித்தது, யாரெல்லாம் பழம் பறித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இன்று உயிரோடு இல்லை என்றெல்லாம் யோசிப்பாளாம். ஜியாமட்டியின் முகத்தைப் பாருங்கள். கை நீட்டினால் கிடைக்கும் தூரத்தில் சந்தோஷம். அவனோ பாத்ரூம் எங்கே என்று கேட்கிறான்! அந்த முகத்துக்கு ஆஸ்கர் நாமினேஷன்கூடக் கொடுக்கவில்லை. என்ன கமிட்டியோ!

இனி என் வழக்கு.

அடிப்படையில் நான் பி.காம். எந்தக் கதையைப் பார்த்தாலும் வரவு, செலவு என்று கோடு கிழிக்கிற கெட்ட பழக்கம் உண்டு. மைல்ஸிடம் ஒரு பாட்டில் இருக்கிறது. 1961-ம் வருஷத்து 'ஷாத்தோ ஷெவால் ப்ளாங்க்'. பத்தாவது கல்யாண நாளுக்கென்று வாங்கி வைத்தது. கல்யாணமே போய்விட்டது. இன்னும் திறக்கவில்லை. இப்பவே லேட்டாகியிருக்கலாம், எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கே என்கிற மாதிரி மாயா கேட்கிறாள். கணக்கு வகுப்பில் சொல்லிக் கொடுப்பார்கள்: கையிருப்புச் சரக்கை அடக்க விலை, சந்தை விலை ரெண்டில் எது குறைவோ அந்த மதிப்பில்தான் எழுத வேண்டும். நாம் எல்லோருமே உள்ளூர ஒரு சரக்கைக் கூடுதல் விலைக்கு எழுதி வைத்துக்கொண்டிருக்கிறோம். மைல்ஸுக்கு அந்த பாட்டிலும், அச்சேறாத அந்த நாவலும்.

கடைசியில் ஜாக்கின் கல்யாணத்தில் முன்னாள் மனைவியைப் பார்க்கிறான். அவள் கர்ப்பம் என்று தெரிகிறது. நேரே ஒரு பர்கர் கடைக்குப் போகிறான். அந்த அரிய ஒயினைத் தெர்மாகோல் கப்பில் ஊற்றி, மேஜைக்கு அடியில் ஒளித்து வைத்துக் குடிக்கிறான். வசனமே கிடையாது. இதில் ஒரு குறும்பும் உண்டு. ஷெவால் ப்ளாங்க் என்பது 'கேபர்னே ஃபிராங்க்' திராட்சையோடு, அவன் திட்டித் தீர்த்த அதே மெர்லோ கலந்த ஒயின். படம் இதைச் சொல்லாது. தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இவ்வளவும் சபாஷ். ஆனால், படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஒரு காட்சி வருகிறது. போகிற வழியில், ஆக்ஸ்நார்டில் இருக்கும் அம்மா வீட்டில் வண்டியை நிறுத்துகிறான் மைல்ஸ். மறுநாள் அம்மாவுக்குப் பிறந்தநாள். கையில் பூச்செண்டு. அம்மா (மேரிலூயிஸ் பர்க்) சந்தோஷத்தில் திக்குமுக்காடுகிறாள். பேச்சு நடுவில் மாடிக்குப் போகிறான். டிராயரில் ஒரு டப்பா. உள்ளே அம்மாவின் சேமிப்பு. நூறு டாலர் நோட்டுகளை எண்ணி எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறான். டப்பா அங்கேதான் இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் இது முதல் தடவை இல்லை. அதே வீட்டில் அம்மா, பணம் ஏதாச்சும் வேணுமா என்று விசாரிக்கிறாள். வேண்டாம் என்கிறான். மறுநாள் விடிவதற்குள் சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டுகிறார்கள்.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது என் மனைவி கேட்ட ஒரே கேள்வி, "ஏங்க, அந்தம்மா காசைத் திருப்பிக் குடுத்தானா?"

என்னிடம் பதில் இல்லை. படத்திலும் இல்லை. பினோ, மோட்டல், கோல்ஃப், வராந்தா, அத்தனை அழகுக்கும் அந்த டப்பாவில் பற்று எழுத வேண்டும். அந்தக் காட்சியை எடுக்கத் துணிச்சல் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால், எடுத்த கையோடு பெய்ன் அதை மறந்துவிட்டார். மாயாவிடம் சொன்ன பொய்க்கு மைல்ஸ் வெட்கப்படுகிறான், மன்னிப்புக் கேட்கிறான். அம்மாவுக்கு ஒரு போன்கூட இல்லை. தோல்வியடைந்த, படித்த, சோகமான ஆண் என்றால் நாம் எவ்வளவு சலுகை கொடுத்துவிடுகிறோம்! 'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர் ஏ.ஓ.ஸ்காட் 2005 ஜனவரியிலேயே இதைத் தொட்டார். விமர்சகர்கள் மைல்ஸிடம் தங்களையே பார்க்கிறார்கள், அதனால்தான் இந்தப் படத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள் என்று எழுதினார். அவருக்கும் படம் பிடித்திருந்தது, அது வேறு. எனக்குச் சுருக்கென்று குத்தியது. நானும் எழுதுகிறவன்தானே.

சலுகை ஆண்களோடு நின்றுவிடுகிறது. ஸ்டெஃபனி (சாண்ட்ரா ஓ) ஒயின் கூடத்தில் வேலை பார்ப்பவள், குழந்தையைத் தனியாக வளர்ப்பவள். ஜாக் அவளோடும் குழந்தையோடும் குடும்பஸ்தன் மாதிரி ஒட்டிக்கொள்கிறான். கல்யாண விஷயம் தெரிந்ததும் ஹெல்மெட்டால் அவன் மூக்கை உடைக்கிறாள். நாம் கைதட்டுகிறோம். அதோடு சரி, அவளுக்கு அப்புறம் படத்தில் வேலையே இல்லை. அந்தக் குழந்தை என்ன ஆயிற்று? சாண்ட்ரா ஓ அப்போது டைரக்டரின் மனைவி. அவருக்கே இவ்வளவுதான் இடம்! இன்னொரு ஹோட்டல் பணிப்பெண், அவள் புருஷன் ரெண்டு பேரையும் பருத்த உடம்பைக் காட்டியே சிரிக்க வைத்திருப்பது அதைவிட மலிவு. முதல் தடவை நானும் அங்கே விழுந்து விழுந்து சிரித்தவன்தான். இந்தத் தடவை வரவில்லை.

ஜாக் வேடத்தை ஜார்ஜ் க்ளூனி கேட்டதாகவும், இவ்வளவு பெரிய ஸ்டார் வேண்டாம் என்று பெய்ன் மறுத்ததாகவும் சொல்வார்கள். நல்ல முடிவு. சர்ச்சின் முகத்தில் அந்தப் பழைய டிவிக் களை அப்படியே இருக்கிறது.

வியாபாரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். சுமார் 1.6 கோடி டாலரில் எடுத்த படம், உலகம் முழுக்க 10 கோடி டாலருக்கு மேல் வசூல். இந்தப் படத்தால் அமெரிக்காவில் மெர்லோ படுத்தே விட்டது என்று ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள். ஸ்டீவன் குவெல்லர் என்ற பொருளாதாரப் பேராசிரியரும் அவர் குழுவும் 2009-ல் விற்பனைக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். மெர்லோவுக்கு விழுந்த அடி லேசானதுதான், அதுவும் மலிவு விலை பாட்டில்களில். பினோ ஏறியதுதான் பெரிய விஷயம். படத்தில் இருவரும் தங்கும் பியூல்டன் மோட்டல், பிற்பாடு படத்தின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது. மாயா வேலை பார்க்கும் 'ஹிட்சிங் போஸ்ட்' நிஜமான உணவகம்தான். பதிப்பகம் கைவிரித்த செய்தி கேட்டு, மற்றவர்கள் துப்பிய வாளியை மைல்ஸ் தூக்கிக் குடிக்கிறானே, அந்த ஒயின் கூடத்தின் பெயர் மட்டும் கற்பனை. அங்கே போகிற டூரிஸ்டுகள் இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கிறார்கள். ஒரு மனுஷன் அவமானப்பட்ட இடங்களெல்லாம் பிக்னிக் ஸ்பாட்! நீங்கள் போவதாக இருந்தால், குடிக்காதவர் ஒருவரை வண்டி ஓட்ட வைத்துக்கொள்ளுங்கள். மைல்ஸும் ஜாக்கும் படம் முழுக்கச் செய்யாத காரியம் அது.

கடைசிக் காட்சி. மாயா அவன் நாவலைப் படித்துவிட்டு போனில் குரல் பதிந்து வைத்திருக்கிறாள். மைல்ஸ் காரை எடுக்கிறான். மழை. சான் டியேகோவிலிருந்து மறுபடி அதே வழி, வடக்கே. மாடிப்படி ஏறி அவள் கதவைத் தட்டுகிறான். படம் முடிகிறது. கதவு திறந்ததா இல்லையா என்று இருபது வருஷமாக ரசிகர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் மேப்பை எடுத்துப் பார்த்தேன். சான் டியேகோவிலிருந்து பியூல்டன் போக வேண்டுமென்றால் 101-ஐத்தான் பிடிக்க வேண்டும். அந்த ரோடு ஆக்ஸ்நார்ட் வழியாகத்தான் போகிறது. அங்கே கார் நிற்கிற மாதிரி காட்சி எதுவும் இல்லை.