நாக்கை வெட்டாம குணமாகுமா? ஓர் ஆய்வை வாசித்த குறிப்பு

சித்தப்பாவுக்கு நாக்கோரத்தில் ஆறாத புண். புற்றுதான்னு பயாப்சி சொல்லி ரெண்டு வாரம் ஆச்சு. ஆபரேஷன் தேதி வாங்காம, அக்காள்மடத்து வீட்டில் ஒரு வாட்ஸ்அப் செய்தியை வைத்துப் பேச்சு ஓடுது: "கதிர்வீச்சோடு இலக்கு மருந்து சேர்த்தா வெட்டவே வேண்டாம்." ஆதாரமாகச் சொல்வது மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் 2019 ஆய்வு. நான் டாக்டர் இல்லை, சாப்ட்வேர்காரன். ஆனாலும் உட்கார்ந்து படிச்சேன்.

தலை, கழுத்துப் புற்று முற்றிய 536 பேர். எல்லாருக்கும் கதிர்வீச்சு, கூடவே வாரா வாரம் சிஸ்பிளாட்டின். பாதிப் பேருக்கு மட்டும் நிமோடுசுமாப் கூடுதல். செல்லை வளரத் தூண்டும் இ.ஜி.எஃப்.ஆர். ஏற்பியை இது அடைக்கும். பலன் உண்டு: நோய் மறுபடி வளர்வது தள்ளிப்போனது. ஆனால் மொத்த ஆயுளில் கிடைத்த வித்தியாசம் தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்குப் பெரிதில்லை.

என் முதல் கேள்வி, எதோடு ஒப்பிட்டார்கள்? வாரம் 30 மி.கி. சிஸ்பிளாட்டினோடு. அதே மருத்துவமனை 2018-ல் 300 பேரை வைத்து வெளியிட்ட ஆய்வில், இந்த அளவு தோற்றுப்போனது. 2 ஆண்டு முடிவில் நோய் அந்த இடத்தில் அடங்கியிருந்தது 58.5% பேருக்கு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 100 மி.கி. வாங்கியவர்களில் 73.1%. (பக்கவிளைவும் அதிகம்.) நியாயமாகச் சொன்னால், 2018 ஆய்வில் பெரும்பாலோர் ஆபரேஷன் முடிந்தவர்கள். ரெண்டையும் அப்படியே பக்கத்தில் வைக்க முடியாது. ஆனா சந்தேகம் நிற்குது.

ரெண்டாவதுதான் முக்கியம். 2019 ஆய்வின் ரெண்டு குழுவிலும் ஆபரேஷனே கிடையாது. அப்புறம் "ஆபரேஷனுக்குப் பதில் இது"ன்னு எப்படிச் சொல்ல முடியும்? எழுதாத டெஸ்ட் கேஸ் பாஸ் ஆச்சுன்னு சொல்ற மாதிரி. இலக்கு மருந்துக்குப் பேர் வாங்கித் தந்த 2006 செடுக்சிமாப் ஆய்விலும் 424 பேருக்கும் தொண்டை, குரல்வளைப் புற்று. நாக்கின் அடிப்பகுதி தொண்டைக் கணக்கில் சேரும். வாய்க்குள் தெரியும் நாக்கு சேராது. சித்தப்பாவுக்கு வந்தது அதில்தான்.

அந்த நாக்குக்கு நேரான ஆய்வு, டாடாவின் 2015 ஆய்வு. தொடக்கநிலை வாய்ப்புற்று, பெரும்பாலும் நாக்கு. நாக்குக் கட்டியோடு கழுத்து நெறிக்கட்டிகளையும் அப்போதே எடுத்தவர்களில் 3 ஆண்டில் 80% பேர் உயிரோடு. நெறி கட்டினால் பார்த்துக்கலாம்னு விட்டவர்களில் 67.5%. கதிர்வீச்சும் கீமோவும் தேவைப்பட்டால் ஆபரேஷனுக்குப் பிறகு வரும்.

நாக்கு போச்சுன்னா பேச்சு என்னாகும் என்ற பயம் எனக்கும் புரியுது. அதையும் டாக்டரிடமே கேட்போம்னு சித்தியிடம் சொன்னேன். திங்கட்கிழமை மதுரைக்குக் கிளம்புறோம்.