தாப்பா இறக்கமும் என் ஹைலக்ஸின் எக்ஸோஸ் பிரேக்கும்

கேமரன் மலையில் வண்டி வைத்திருக்கும் யாரைப் பார்த்தாலும் இப்போது எனக்கு ஒரே பேச்சுதான். கல்யாண வீடு, கோயில் திருவிழா, பிரிஞ்சாங் பாசார் மாலாமில் சோளம் வாங்க நிற்கும் வரிசை என்று எங்கே ஆள் கிடைத்தாலும் எக்ஸோஸ் பிரேக் பற்றிச் சொல்லாமல் விடுவதில்லை. வீட்டில், விருந்தாளி வந்தால் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று உத்தரவே போட்டுவிட்டார்கள். எழுதுவதற்கு யாரும் தடை போடவில்லை.

என்னிடம் இருப்பது தொண்ணூறுகளில் வந்த ஹைலக்ஸ். 2.8 லிட்டர் 3எல் எஞ்சின், டர்போ இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, ஆர்பிஎம் மீட்டர்கூடக் கிடையாது. முட்டைக்கோசும் சில நாள் தேயிலை மூட்டையுமாக ஒரு டன் ஏற்றிக்கொண்டு தானா ராத்தாவிலிருந்து தாப்பா வரை இறங்குவது இதன் தொழில். ஏறுவதில் எனக்குக் குறை இல்லை. மெதுவாக, கறுப்புப் புகையோடு, எல்லாரும் பின்னாலிருந்து ஹாரன் அடிக்க, ஏறிவிடும். வயிற்றைக் கலக்கியது இறக்கம்தான். இன்றைக்கு அதே வண்டி, அதே பாரத்தோடு, பிரேக் பெடலை வளைவுகளில் மட்டும் லேசாகத் தொட்டுவிட்டு இறங்குகிறது. தாப்பாவில் நிறுத்திச் சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தால் வெதுவெதுப்பு, அவ்வளவே. முன்பெல்லாம் கை வைக்க முடியாது. பக்கத்தில் நின்றாலே அனல் அடிக்கும்.

இந்தப் பாதையின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1885-ல் வில்லியம் கேமரன் அளந்துவிட்டுப் போன மேட்டுநிலத்துக்கு, தாப்பாவிலிருந்து சாலை போட 1926-ல் தொடங்கி 1931-ல்தான் முடித்தார்கள். அதற்குள் 1929-லேயே ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவிட்டார். கோவேறு கழுதைகளையும் ஒரு பழைய நீராவி ரோலரையும் வைத்துக் காட்டைத் திருத்தினார்கள் என்று தோட்டத்தின் வரலாற்றில் சொல்வார்கள். செங்குத்துச் சரிவில் மண்ணை வெட்டிக் கொழுந்து வளர்த்த கைகளில் பெரும்பாலானவை நம்முடையவை. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர். தாப்பா கிட்டத்தட்ட சமவெளி. நடுவில் சுமார் 60 கிலோமீட்டர், ஒன்று முடிவதற்குள் அடுத்தது தொடங்கும் வளைவுகள். வெள்ளைக்காரர் காலத்து லாரியின் வேகத்துக்குப் போட்ட பாதை அது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாரத்தோடு இரண்டரை டன் வண்டி 1,400 மீட்டர் இறங்கினால் கழிக்க வேண்டிய சக்தி சுமார் 34 மெகாஜூல். சாதாரணத் தண்ணீர் 100 லிட்டரைக் கொதிக்க வைக்க அது போதும். டயரும் காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் எங்கே போகும்? எஞ்சின் பிடிக்காவிட்டால் முன்னால் இரண்டு வட்டுக்கும் பின்னால் இரண்டு டிரம்முக்கும்தான். பிரேக் கட்டை சூடேறி வழவழப்பாகிவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. அதைவிடக் கொடியது பிரேக் எண்ணெய். டாட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி தாங்கும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பழசானால் 140 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். வருஷம் முழுக்க மேகம் தரையில் நடக்கும் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? எண்ணெய் கொதித்துக் குமிழி வந்தால் பெடல் தரை வரைக்கும் போகும், ஒன்றும் நடக்காது. இந்தப் பாதையோரத்து லாத்தா இஸ்கந்தார் அருவியில் நின்று பாருங்கள். ஊர்க்கார வண்டிகள் அருவியைப் பார்க்க நிற்பதில்லை. கருகின பிரேக் வாசனையோடு வந்து ஒதுங்குகிறவர்கள் எல்லாம் வார இறுதிக்கு வந்தவர்கள்.

டீசல் எஞ்சின் இறக்கத்தில் வண்டியைப் பிடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். பெட்ரோல் எஞ்சினைவிடக் குறைவாகத்தான் பிடிக்கும். பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் காற்று வரும் வழியைத் தகடு அடைத்துவிடும். எஞ்சின் வெற்றிடத்தை இழுத்து இழுத்துச் சோர்ந்து வண்டியையும் பிடித்து நிறுத்தும். டீசலில் அந்தத் தகடு கிடையாது. காலை எடுத்தால் டீசல் மட்டும்தான் நிற்கும், காற்று தாராளமாகப் போய்வரும். பிஸ்டன் காற்றை அமுக்குவதற்குச் செலவிட்ட பலத்தை அதே காற்று திரும்பத் தள்ளிக் கொடுத்துவிடுகிறது. ஆக, உராய்வு தவிரப் பெரிய பிடிமானம் இல்லை. எக்ஸோஸ் பிரேக் செய்வது இதுதான்: போகிற வழியை அடைக்கிறது. புகைக்குழாயில் ஒரு வட்டத் தகடு, அதைத் திருப்ப ஒரு கை, வேறொன்றும் இல்லை. மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சை வெளியே விடப் பாருங்கள், எஞ்சினின் பாடு புரியும். நிமிடத்துக்கு 2,500 சுற்றில் என் எஞ்சின் 3,000 லிட்டருக்கு மேல் காற்றை வெளியே தள்ள வேண்டும். வாசல் அடைத்திருக்க, அந்தத் தள்ளலுக்கான பலம் முழுக்க சக்கரத்திலிருந்துதான் வர வேண்டும். சக்கரம் அடங்குகிறது.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. கம்போங் ராஜாவிலிருந்து காய்கறி ஏற்றி இறங்கும் இசுசு, ஹினோ லாரிகளில் கம்பெனியிலேயே வருகிறது. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு கோல், அதை இழுத்தால் ஒரு சீறல், பிறகு எஞ்சின் அடித்தொண்டையில் உறுமும். எங்கள் ஊரில் அந்தச் சத்தம் கேட்டு வளராதவர்கள் இல்லை. பிக்கப்பில் மட்டும் யாரும் போட்டுக்கொள்வதில்லை. ஏன் என்று ரிங்லெட்டில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். "யாரும் கேக்கல தம்பி, அதான்" என்றார். அந்தப் பதிலே எனக்குப் போதுமானதாக இருந்தது.

சாமான் ஈப்போ பக்கத்தில் ஒரு ஹாஃப்-கட் கடையில் கிடைத்தது. ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்து வரும் சின்ன லாரி ஒன்றின் எக்ஸோஸ் பிரேக், தகடு ஒட்டிக்கொண்டு அசையாத நிலையில். கடைக்கார தவுக்கே என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஹைலக்ஸுக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஒரு நல்ல பிரேக் கட்டை செட்டுக்கு ஆகும் வெள்ளிதான் ஆனது. மண்ணெண்ணெயில் ஊற வைத்துக் கரியைச் சுரண்டி எடுத்ததும் தகடு தளர்ந்து சுற்றத் தொடங்கியது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் விளக்க முடியவில்லை.

பொருத்தியதுதான் இந்தக் கதையில் ருசியான பகுதி. லாரிக் குழாய் பெரிது, என் குழாய் சின்னது. இரண்டு பக்கமும் கூம்பு மாதிரி வெட்டி வெல்டிங் வைத்தார் அண்ணன். இடம், முன்குழாய் எஞ்சினை விட்டு இறங்கும் வளைவுக்குக் கொஞ்சம் கீழே. எஞ்சினுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு சீக்கிரம் அழுத்தம் ஏறும். தகட்டைத் திருப்பும் கை வேக்குவத்தில் வேலை செய்வது. என் வண்டியில் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே வேக்குவம் பம்பு இருக்கிறது, பிரேக் பூஸ்டருக்காக. அதிலிருந்து ஒரு கிளை. ஆனால் இங்கேதான் கவனம் வேண்டும்: எக்ஸோஸ் பிரேக் பூஸ்டரின் வேக்குவத்தைத் திருடிவிடக் கூடாது. ஒருவழி வால்வு ஒன்று, தனியாக ஒரு சின்ன டப்பா. இதைச் செய்யாமல் நேராக டி-இணைப்பு போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது மின்சாரம். சின்ன லாரி பலதும் 24 வோல்ட், ஹைலக்ஸ் 12 வோல்ட். லாரியின் சோலனாய்டை என் வண்டியில் இணைத்தால் முனகும், திறக்காது. பழைய டொயோட்டா கார் ஒன்றிலிருந்து கழற்றிய வேக்குவம் சுவிட்ச் வால்வு அந்த வேலையைச் செய்கிறது. ஒயர் மூன்று சுவிட்சுகளைத் தாண்டித்தான் வால்வுக்குப் போகும்: டேஷ்போர்டில் நான் போடும் சுவிட்ச், ஆக்சிலேட்டர் பெடலின் கீழ் ஒன்று, கிளட்சின் கீழ் ஒன்று. ஆக்சிலேட்டரில் கால் பட்டாலும் தகடு திறக்க வேண்டும், கிளட்சை மிதித்தாலும் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் கியர் மாற்றும்போது எஞ்சின் திணறி நின்றுவிடும். கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங்கும் போய்விடும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, தகட்டில் ஒரு துளை. முழுக்க அடைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போய் எக்ஸோஸ் வால்வைத் தானாகத் திறந்துவிடும். அதை மூடிப் பிடித்திருப்பது வெறும் ஸ்ப்ரிங்தானே. லாரித் தகட்டில் துளை ஏற்கெனவே இருந்தது. எங்கள் எஞ்சினுக்கு அதைக் கொஞ்சம் பெரிதாக்கினோம். மேனிஃபோல்டிலிருந்து செம்புக் குழாயை நாலு சுற்று சுற்றி, சூடு ஆறிய பிறகு அழுத்த மீட்டருக்குக் கொண்டு வந்து, 30 பிஎஸ்ஐக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொண்டோம். பழைய மேனிஃபோல்டு கேஸ்கெட்டை அப்போதே மாற்றிவிட வேண்டும். வருஷக்கணக்காகக் கசிந்துகொண்டு சும்மா இருந்தது, அழுத்தம் ஏறியதும் விசில் அடிக்கும். இன்னொன்று, வண்டியில் இப்படி மாற்றம் செய்பவர்கள் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிலும் வாகனச் சோதனை செய்யும் புஸ்பகோமிலும் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. வர்த்தக வண்டிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போகின்றன, அங்கே போய் விழிக்க வேண்டாம்.

முதல் இறக்கம்! அண்ணனும் கூட வந்தார். பின்னால் கோசு மூட்டை. ரிங்லெட்டைத் தாண்டிச் சரிவு தொடங்கியதும் இரண்டாவது கியர், சுவிட்சைப் போட்டேன், காலை எடுத்தேன். உஸ்ஸ் என்று ஒரு சத்தம், பிறகு எஞ்சினின் குரல் மாறியது. வண்டியை யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது தெரிந்தது. முப்பதில் போன வண்டி முப்பதிலேயே இறங்கியது. வேகம் ஏறவில்லை! அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "லோரி மாதிரியே இருக்குலா" என்று சிரித்தார். எனக்குப் பேச்சே வரவில்லை. முன்பு ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் மிதித்து, விட்டு, மிதித்து, முழங்கால் வலித்துப் போகும். இப்போது சாலையின் ஓரத்தில் தேனும் பெத்தாயும் வைத்து விற்கும் ஓராங் அஸ்லி பந்தல்கள் முதல்முறையாகக் கண்ணில் படுகின்றன. அத்தனை நிதானம்.

இதன் இயல்பு ஒன்றைத் தெரிந்துகொண்டால் காதலே வந்துவிடும். எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு பலமாகப் பிடிக்கும். ஆகவே சரிவு வருவதற்கு முன்பே கியரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நான்காவது கியரில் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று குறை சொல்லக் கூடாது. எரிபொருள் மிச்சம் என்று ஃப்ரீ கியரில் உருட்டிக்கொண்டு இறங்கும் நம் ஆட்கள் சிலரைப் பற்றி என்ன சொல்வது? காலை எடுத்துக் கியரில் இறங்கினால் பம்பு எண்ணெயே விடுவதில்லை. ஃப்ரீ கியரில்தான் ஐட்லிங்குக்கு எண்ணெய் குடிக்கிறது. மிச்சமும் இல்லை, பிரேக்கும் இல்லை.

பெரிய வட்டு, விலை உயர்ந்த பிரேக் கட்டை போட்டால் போதாதா என்று கேட்கிறார்கள். போடுங்கள், தப்பில்லை. ஆனால் அதெல்லாம் சூட்டைத் தாங்கும் வழி. சூடே சக்கரத்துக்கு வராமல் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் போய்விடுவது வேறு விஷயம். 2010 டிசம்பரில் கேமரன் மலையிலிருந்து இறங்கிய தாய்லாந்துச் சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2013 ஆகஸ்டில் கெந்திங் இறக்கத்தில் 37 பேர். அந்தச் செய்திகளைப் படித்துவிட்டு மறுநாள் பாரம் ஏற்றி இறங்கியவனுக்குத்தான் தெரியும், பெடல் ஒரு விரல் அளவு கீழே போனாலும் நெஞ்சு எப்படி அடிக்கும் என்று.

இறக்கம் பயமுறுத்தியது நம்மை மட்டும் இல்லை. தாப்பா சாலை முடிந்த அதே 1931-ல், அமெரிக்காவில் கிளெஸ்ஸி கம்மின்ஸ் தன் டீசல் எஞ்சின் பொருத்திய லாரியை நியூயார்க்கிலிருந்து மேற்குக் கரைக்கு ஓட்டிக்கொண்டு போனார். கலிபோர்னியாவின் கஹோன் கணவாய் இறக்கத்தில் பிரேக் கைவிட, குறுக்கே போன ரயிலில் மோதாமல் தப்பினார். அந்தப் பயத்தை அவர் மறக்கவே இல்லை. பல வருஷம் கழித்து, வால்வையே நேரம் பார்த்துத் திறந்து எஞ்சினைப் பிரேக்காக மாற்றும் ஜேக் பிரேக்கை அவர் வடிவமைத்தது அதனால்தான். அது வேறு வகை, பெரிய லாரிக்கு. நம் பழைய பிக்கப்புக்கு இந்தத் தகடு போதும்.

குறை சொல்ல வேண்டுமென்றால் ஒன்று உண்டு. ஹைலக்ஸில் இது பின்சக்கரம் இரண்டை மட்டும்தான் பிடிக்கும். பாரம் இல்லாமல், மழையில், பாசி பிடித்த வளைவில் போட்டால் வால் வெட்டிக்கொண்டு போகப் பார்க்கும். அப்போது சுவிட்சை அணைத்துவிடுகிறேன். ஆனால் தோட்டத்து மண் பாதையில் நாலு சக்கர டிரைவைப் போட்டுவிட்டால் அதே பிடி நாலு சக்கரத்துக்கும் பகிர்ந்து போகிறது. லோ கியரில், செம்மண் சேற்றில், தேயிலைச் சரிவின் நடுவே ஆள் நடக்கிற வேகத்தில் வண்டி தானாக இறங்குகிறது. பெடலைத் தொட்டால்தான் சறுக்கும். அந்த இறக்கத்தை அனுபவிக்கவே தேவையில்லாமல் தோட்டத்துக்குள் ஒரு சுற்றுப் போய்வருகிறேன் என்பது வீட்டுக்குத் தெரியாது. இன்னொரு லாபமும் உண்டு: காலைக் குளிரில் தகட்டை மூடி ஐட்லிங்கில் விட்டால் எஞ்சின் சீக்கிரம் சூடாகிவிடுகிறது. பிரேக் விளக்கு மட்டும் இதற்கு எரியாது. பனிமூட்டத்தில் பின்னால் வருகிறவருக்காகப் பெடலை லேசாகத் தொட்டுக் காட்டுகிறேன்.

ஒரு வேண்டுகோள்: சும்மா வைத்தால் கரி பிடித்துத் தகடு ஒட்டிக்கொள்ளும். சமவெளியில் ஓடும் நாளிலும் தினம் நாலைந்து தடவை போட்டு எடுங்கள்.

இப்போது கீ ஃபார்மில் பூந்தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தன் லேண்ட் ரோவருக்கும் வேண்டும் என்று நிற்கிறார். அவருடையது டர்போ வண்டி. தகடு டர்போவுக்குப் பின்னால்தான் வர வேண்டும், அழுத்தம் டர்போவின் சீலை எவ்வளவு சோதிக்கும் என்று அண்ணன் யோசித்துக்கொண்டிருக்கிறார். துளையை இன்னும் பெரிதாக்கலாம் என்பது என் கட்சி. ஹாஃப்-கட் கடைக்கு இன்னொரு தகட்டுக்குச் சொல்லி வைத்தாயிற்று. வெல்டிங் நடக்கிற அன்றைக்கு எனக்கும் அங்கே வேலை இருக்கிறது என்று வீட்டில் இப்போதே சொல்லிவிட்டேன்.