தலை பெரிதில்லை, உடம்புதான் வளர்ந்துவிட்டது

விக் அளவைச் சொன்னால் போதும், பந்துமூட்டு ரெசின் பொம்மைக்கு என்ன வயது என்று சொல்லிவிடலாம். பெரிய அளவான எஸ்டி (சூப்பர் டால்ஃபி) தலைக்கு 8-9 அங்குல விக், மினி எனப்படும் எம்எஸ்டிக்கு 7-8, அதைவிடச் சிறிய யோஎஸ்டிக்கு 6-7. நடு அளவை எடுத்து சென்டிமீட்டருக்கு மாற்றினால் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 21.5, 19, 16.5 என்று வரும். உயரங்கள் 57, 43, 26. உயரத்தைச் சுற்றளவால் வகுத்தால் கிடைப்பவை 2.6, 2.3, 1.6. இப்போது குழந்தை மருத்துவரின் சுவரில் தொங்கும் வளர்ச்சி அட்டையைப் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளை சுமார் 138 செ.மீ. உயரம், தலைச் சுற்றளவு 53. வகுத்தால் 2.6. ஆறு வயதில் 115க்கு 51, அதாவது 2.3. ஒரு வயதில் 75க்கு 46, அதாவது 1.6. மூன்று அளவுப் பொம்மைக்கும் மூன்று வயது அச்சாகப் பொருந்துகிறது.

‘வோக்ஸ் பொம்மைக்குத் தலை பெருத்துவிட்டது’ என்று குறை சொல்கிறவர்களிடம் நான் முதலில் நீட்டுவது இந்தக் கணக்கைத்தான். 1999இல் வோக்ஸ் நிறுவனத்தின் சூப்பர் டால்ஃபி வரிசையின் முதல் நான்கு சகோதரிகள், கிரா, நானா, மெகு, சாரா, வந்தபோது அவர்களுக்கு உயரம் 57. அந்த உடல் பின்னாளில் எஸ்டி10 என்று அழைக்கப்பட்டது. பிறகு வந்தவை எஸ்டி13, எஸ்டி16, எஸ்டி17. எண்கள் வயதைக் குறிக்கின்றன. பத்து வயது என்று பெயர் வைத்துவிட்டுப் பத்து வயதுக்குரிய தலையை வைத்திருக்கிறார்கள். இதில் பிழை எங்கே?

பிழை பார்க்கிறவரின் அளவுகோலில் இருக்கிறது. நாம் எல்லோரும் எட்டுத்தலை உடம்பை, அதாவது தலை நீளத்தைப்போல் எட்டு மடங்கு உயரமான உடம்பை, பார்த்துப் பழகியவர்கள். கிரேக்கத்தில் சிற்பி பொலிக்ளைடஸ் ஏழு தலையில் நிறுத்திய உடலை லிசிப்பஸ் எட்டுக்கு நீட்டினார். ஓவியப் பள்ளிகளில் இன்றும் எட்டுதான் ஓடுகிறது. ஜப்பானிலும் அந்த மோகம் உண்டு. 1953இல் இட்டோ கினுகோ பிரபஞ்ச அழகி (மிஸ் யூனிவர்ஸ்) போட்டியில் மூன்றாம் இடம் பிடித்தபோது, ‘எட்டுத்தலை அழகி’ என்ற சொல் அந்த நாடு முழுக்கப் பரவியது. வளர்ந்தவருக்கு ஏழரை என்பதே சராசரி. அந்த எட்டை எடுத்துக்கொண்டு வந்து ஒரு சிறுமியின் உருவத்தில் தேடினால் தலை பெரிதாகத்தான் தெரியும்.

கணக்கு சரியாக இருந்துவிட்டால் மட்டும் பொம்மை அழகாகிவிடாது என்பதும் உண்மைதான். அந்த முதல் 57 செ.மீ. உடலை நான் இன்னும் தலையில் வைத்துக் கொண்டாடுவதற்குக் காரணம் தலை எண்ணிக்கையைவிட அதன் கழுத்தும் தோளும். கேரேஜ் கிட் சிற்பியாகக் கைபழகிய ஆகிஹிரோ என்குவின் வேலை அது. விக் வைத்த பிறகு பார்த்தால், தோளின் அகலம் கூந்தலின் அகலத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். தோள் எலும்பு கிடைமட்டமாகப் போகாமல் மெல்லச் சரிந்து மேற்கைப் பந்துக்குள் இறங்குகிறது. கழுத்து மெலிந்தது, ஆனால் நீளம் இல்லை. இந்த இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும் என்பதுதான் இன்றைய சிற்பிகள் பலருக்குப் பிடிபடாத விஷயம். மெலிந்த கழுத்தை நீட்டினால் தலை கம்பில் செருகியதாகிவிடும். குட்டையான கழுத்தைத் தடிப்பாக்கினால் தலை தோளில் அமுங்கிவிடும். மெலிவும் குறுக்கமும் சேர்ந்து நிற்கும்போது தலைக்கு ஒரு கனம் வருகிறது. சற்றே சாய்த்து வைத்தால் போதும், யோசனையில் இருப்பதுபோல் ஆகிவிடும். கை சிறியது. கன்னத்தில் ஊன்றி வைத்தால் கன்னத்தைத்தான் தொடும், முகத்தை மூடாது.

கழுத்து எவ்வளவு நுட்பமான இடம் என்பதை ஸ்ட்ரிங்கிங், அதாவது எலாஸ்டிக் கோக்கும் வேலை, செய்து பார்த்தவர்கள் அறிவார்கள். எலாஸ்டிக் உடலுக்குள்ளிருந்து ஏறிக் கழுத்துக் குழாய் வழியாக வந்து, தலைக்குள் இருக்கும் எஸ்-கொக்கியில் மாட்டுகிறது. கழுத்தின் உருண்டை முனை, தலையின் அடியில் இருக்கும் குழியில் உட்கார்ந்து சுழல்கிறது. தலை நழுவாமல் இருக்க அந்தக் குழியில் ஒரு துண்டு ஸ்வேட் தோல் ஒட்டுவோம் அல்லவா? தோலின் தடிப்பு ஒரு மில்லிமீட்டர் இருக்குமா? அந்த ஒரு மில்லிமீட்டர் தலையை உயர்த்தியதும் மோவாய்க்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு நிழல்கோடு திறக்கிறது. பொம்மை அதுவரை இல்லாத அளவுக்கு நிமிர்ந்துவிடுகிறது. எலாஸ்டிக் தளர்ந்த பொம்மையில் இதே கோடு மறைந்து, நல்ல உடலும் கூன் விழுந்ததாகத் தெரியும். ‘தலை பெரிசு’ என்று விற்பனைக்கு வரும் பழைய பொம்மைகளில் பலவற்றுக்குத் தேவை புது எலாஸ்டிக் மட்டும்தான்.

தலைக்குள் இருப்பது கண். அளவு விவாதத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. மனிதக் கண்விழி ஏறக்குறைய 24 மில்லிமீட்டர். மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கினால் 8. எஸ்டி தலையில் நாம் போடுவது 14, 16, சிலவற்றில் 18. அதாவது இயல்பைப்போல் இரண்டு மடங்கு. இந்தக் கண்ணாடிக் கண்ணுக்கு அகலம் மட்டும் போதாது, ஆழமும் வேண்டும். கருவிழி வளைந்த கண்ணாடிக்குப் பின்னால் உள்வாங்கி இருந்தால்தான் நாம் நகரும்போது பார்வை நம்மைத் தொடர்வதுபோலத் தோன்றும். சிறிய தலையில் அந்தக் கண்ணைப் பொருத்தினால் இமைக்கும் நெற்றிக்கும் இடம் இருக்காது. வெறித்த பார்வைதான் மிஞ்சும். முழங்கை நீளத் தூரத்தில் மடியில் வைத்துப் பார்க்கும் ஒரு பொருளுக்கு, அலமாரியில் நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கும் ஒரு முகத்துக்கு, கண்ணில் வெளிச்சம் தங்க வேண்டும். அதற்குக் கண் பெரிதாக வேண்டும், கண்ணுக்காகத் தலை, தலைக்காகக் குறுகிய தோள். என்குவின் உடலில் இந்த வரிசை ஒழுங்காக இருக்கிறது.

எதிர்க்கட்சிக்காரர்களின் ரசனையையும் நான் அறியாதவன் இல்லை. கொரியாவின் டால்ஷி, ஐபிள்ஹவுஸ் போன்றோரின் 70 செ.மீ.யைத் தொடும் ஆண் உருவங்களைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். முதுகுத் தசையும் கழுத்தெலும்பின் குழியும் பிரமாதம். உயரம் 70ஐத் தலைச் சுற்றளவு 23ஆல் வகுத்தால் 3 வருகிறது. வளர்ந்த மனிதரின் 165க்கு 55ம் அதே 3தான். கணக்கில் அவர்கள் என் கட்சியைவிட ஒரு பிசிறும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் அந்த அளவு சரியாக இருப்பதாலேயே முகம் தூரத்தில் தொலைந்துபோகிறது. எட்டி நின்று பார்க்கும்போது என் கண் உடம்பின் மேல் நின்றுவிடுகிறது, முகத்துக்குப் போக மாட்டேன் என்கிறது. சிற்பமாக அவற்றை மதிக்கிறேன். பொம்மையாக எனக்கு ஒட்டவில்லை.

ஃபேரிலேண்ட் நிறுவனத்தின் மினிஃபீ வேறு வகை. எம்எஸ்டி உயரத்தில், இளம்பெண்ணின் நீண்ட கால்களோடு, பெரிய தலை. மேலே வளர்ச்சி அட்டையில் போட்ட கணக்கு இதற்குச் செல்லாது. ஆனாலும் அது நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கை கால்களை மெலிய வைத்து, உடம்பு முழுவதையுமே கோட்டோவியமாக்கிவிட்டார்கள். உலகம் முழுக்க அதை ஏன் இப்படி விரும்புகிறார்கள் என்பது புரிகிறது. அதைப் பார்த்துப் பின்னால் வந்த சிற்பிகளின் வேலைதான் புரியவில்லை. தலையை அப்படியே வைத்துக்கொண்டு, கீழே வளர்ந்தவரின் அகன்ற தோளையும் கனத்த தொடையையும் கொடுத்தார்கள். உடல் ஒரு மொழி பேசுகிறது, தலை வேறு மொழி.

தலையை ஏன் மாற்றவில்லை என்று கேட்டால் விடை சந்தையில் இருக்கிறது. விக், கண் இரண்டும் அளவாக உறைந்துவிட்டன. யாரோ ஒருவர் தைக்கும் 7-8 அங்குல மொஹேர் விக் எந்த நிறுவனத்தின் மினித் தலைக்கும் பொருந்த வேண்டும். 14 மில்லிமீட்டர் கண்ணை வாங்கி வைத்திருப்பவர் அதை அடுத்த தலைக்கும் போட வேண்டும். தலையின் அளவைத் தொட்டால் இந்தப் பண்டமாற்று முழுக்கச் சரிந்துவிடும். உடம்பைத் தொட்டால் துணி மட்டும்தான் புதிதாகத் தைக்க வேண்டும். அதனால் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வளர்ந்ததெல்லாம் உடம்புதான். 57, 60, 65, 70 என்று கீழ்ப்பாதி நீண்டுகொண்டே போகிறது. மேலே அதே எட்டு-ஒன்பது அங்குலம். ‘தலை-உடல் விகிதம்’ என்று நாம் பேசுவதெல்லாம் உண்மையில் கால் நீளத்தின் கதை.

அளவை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டு வேலையைத் தொடங்கும் மரபு ஒன்று ஜப்பானில் இருந்தது. கலைஞர் ஹான்ஸ் பெல்மர் 1935இல் வயிற்றில் பந்து வைத்துச் செய்த இரண்டாம் பொம்மையின் படத்தைப் பார்த்துத்தான் பொம்மைக் கலைஞர் யோட்சுயா சிமோன் பந்துமூட்டுக்கு வந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. அவர் 1978இல் எகோல் த சிமோன் பள்ளியைத் தொடங்கினார். இன்னொரு பொம்மைக் கலைஞரான யோஷிதா ரியோவின் செய்முறை நூல் இன்றும் கைவேலைக்காரர்களின் வேதம். யோஷிதா முறையில் முதல் வேலை வரைபடம். பொம்மையின் உண்மையான அளவிலேயே, முன்பக்கமும் பக்கவாட்டும், தாளில் வரைந்துவிட வேண்டும். அந்தத் தாளின் மேல் வைத்துப் பார்த்து ஸ்டைரோஃபோம் கருவைச் செதுக்கி, அதன்மேல் கல்தூள் களிமண்ணை அப்பி, காய்ந்ததும் இரண்டாகப் பிளந்து கருவை எடுத்துவிட்டு, மறுபடி ஒட்டுவார்கள். தலை ஒரு சுற்றுப் பெருத்தாலும் தாள் காட்டிக்கொடுத்துவிடும். அதோடு, சிற்பியின் கை அந்தப் பொருளின் உண்மையான அளவிலேயே நாள்கணக்கில் புழங்குகிறது. எந்தத் தூரத்தில் முகம் கரையத் தொடங்குகிறது என்பதை அந்தக் கைக்கும் கண்ணுக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது கணினித் திரையில் செதுக்குகிறார்கள். நுட்பம் குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். விரல் நகத்தின் பிறைகூடத் தெளிவாக வருகிறது. ஆனால் திரையில் எதற்கும் சொந்த அளவு கிடையாது. 65 செ.மீ.க்குச் செய்த உடலை அப்படியே 43க்குச் சுருக்கி, அதன்மேல் மினித் தலையைப் பொருத்தி வெளியிடுகிறார்கள். மணிக்கட்டு குச்சியாகிவிடுகிறது. கழுத்துக்குள் எலாஸ்டிக் போகும் துளைக்கு இடம் வேண்டுமே என்று கழுத்தை மட்டும் தடிப்பாக்குகிறார்கள். நான் காத்திருந்து வாங்கிய ஒரு பொம்மை, பெட்டியைத் திறந்தபோது இப்படித்தான் இருந்தது. விற்பனைப் படத்தில் பார்த்த உருவத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்தப் படங்களும் ஒரு பெரிய குற்றவாளி. செல்பேசியைக் கிட்டே கொண்டுபோய், சற்று மேலிருந்து எடுக்கும் படத்தில் லென்ஸுக்குப் பக்கத்தில் இருப்பது தலை. அது ஊதிப்போகும், கால்கள் சிறுத்துப்போகும். இதைச் சரிக்கட்ட, படத்தில் நன்றாக வரும்படிக் காலை நீட்டிச் செய்கிறார்கள். நேரில் வைத்தால் வேறொன்றாக நிற்கிறது. பொம்மையை அறிய வேண்டுமானால் அதன் கண்மட்டத்துக்குக் குனிந்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்று, நீளக் குவியத் தூர லென்ஸில் எடுத்த படத்தைக் கேளுங்கள். அதுவும் விக் இல்லாமல் ஒன்று, விக்குடன் ஒன்று. வழுக்கைத் தலையை வைத்து ஏழு தலை, எட்டுத் தலை என்று எண்ணுவது வீண். அடர்த்தியான செயற்கை இழை விக் தலையைச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டராவது கூட்டும். ஒட்டி வாரிய மொஹேர் அதில் பாதிகூடக் கூட்டாது. ஒரே பொம்மை விக்கை மாற்றியதும் அரைத் தலை வளர்வதும் குறைவதும் கண்ணெதிரே நடப்பது.

பழைய 57 உடல் இன்று நல்ல நிலையில் கிடைப்பது அரிது. நண்பர் வீட்டில் பார்த்த ஒன்றில் முகமும் கைகளும் பழுப்பேறி, சட்டைக்குள் இருந்த உடம்பு மட்டும் வெளிறி நின்றது. காலர் ஓடிய இடத்தில் ஒரு கோடு. நிறம் மாறிய தலை உடம்பிலிருந்து பிரிந்து தெரிவதால் விகிதமே மாறினதுபோல் இருந்தது. பலர் இந்த நிலையில் பழைய தலையை வைத்துக்கொண்டு வேறு நிறுவன உடலை வாங்கி ஹைப்ரிட் செய்கிறார்கள். செய்யலாம். ஆனால் அப்போதும் எல்லோரும் கேட்பது ரெசின் நிறம் பொருந்துமா, கழுத்துச் சுற்றளவு பொருந்துமா என்று மட்டும்தான். தோளின் அகலத்தை யாரும் கேட்பதில்லை. 60 செ.மீ.க்கு மேற்பட்ட உடலில் அந்தத் தலையை வைத்தால் கழுத்து சரியாக உட்கார்ந்தாலும் தோள் அகன்று முகம் சுருங்கிவிடுகிறது. எம்எஸ்டி உடலில் வைத்தால் தலை நிற்கவே நிற்காது. நிறம் கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை, தோள் சரிந்த, கால் குட்டையான 56, 57 செ.மீ. உடலாகத் தேடுங்கள். சட்டைக்கு உயரக் காலர் வைத்தால் நிற வித்தியாசம் மறைந்துவிடும். அகன்ற தோளை எந்தச் சட்டையும் மறைக்காது.