எண்ணைக் காட்டும் கருவி காற்றை அளக்கிறதா?

2022 ஜனவரியில் பினாங்கின் தென்கோடியில், நிபோங் திபாலில் உள்ள புலாவ் பூரோங் குப்பைமேடு தீப்பற்றிப் பல நாள் புகைந்தது. பைராம் தோட்டம் உள்ளிட்ட அக்கம்பக்கக் குடியிருப்புகளைப் புகை சூழ்ந்தது. சுற்றுச்சூழல் துறையின் நிரந்தரக் காற்றுத்தர நிலையங்களோ மிண்டன், பாலேக் பூலாவ், செபராங் ஜெயா, செபராங் பிறை என்று விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன. தீ எரிந்த இடத்துக்கு அருகே ஒன்றுமில்லை. ஆனால் அதே நிபோங் திபாலில்தான் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கிறது. பொறியியல் மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டங்களில் காற்றுத்தர அளவைக் கருவி எங்கும் பழகிப்போன தலைப்பு.

அந்தத் தலைப்பின் செல்வாக்குக்குக் காரணம் உண்டு. ஓர் ஈஎஸ்பி32 கட்டுப்பாட்டுப் பலகை, பிஎம்எஸ்5003 துகள் சென்சார், டிஎச்டி11 ஈரப்பத சென்சார், கைப்பேசிச் செயலி என எல்லாம் ஓரிரு நூறு ரிங்கிட்டில் அடங்கிவிடும். 1972இல் பாயான் லெப்பாஸில் தொடங்கிய மின்னணுத் தொழிலால் வளர்ந்த மாநிலம் பினாங்கு. சைட்ரான் போன்ற உள்ளூர் நிறுவனங்களே பலகைகளை விற்கின்றன. பற்றவைப்பது முதல் வைஃபை அறுந்தால் தரவைக் காப்பது வரை மாணவர் ஒரே வேலையில் கற்றுக்கொள்கிறார். 2019 செப்டம்பர் புகைமூட்டத்தில் பினாங்கில் பல பள்ளிகள் மூடப்பட்டதைக் கண்ட தலைமுறைக்கு இது வெறும் பாடமும் அல்ல.

சிக்கல், திரையில் எண் தோன்றியதும் வேலை முடிந்ததாக எண்ணிக்கொள்வதில் இருக்கிறது.

பிஎம்எஸ்5003 துகள்களை எடை போடுவதில்லை. லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறுவதைக் கொண்டு எடையை ஊகிக்கிறது. ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டினால் துகள் நீரை உறிஞ்சிப் பருக்கிறது; கருவி அதையும் மாசாகவே கணக்கிடுகிறது. பினாங்கின் விடியற்காலையில் இது அன்றாட நிலை. காற்று 100 மைக்ரோகிராமுக்குக் கீழே இருக்கும்போது பிழை கூடவோ குறையவோ 10 மைக்ரோகிராம் வரை போகலாம் என்று தயாரிப்பாளரின் தகவல் தாளே சொல்கிறது. பிஎம்2.5 என்னும் நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். மலேசியாவின் வரம்பு 35. ஆக, 12 என்று காட்டும் கருவியை வைத்து ‘காற்று நல்லது’ என்று யாரும் உறுதிகூற முடியாது.

எம்க்யூ135 வாயு சென்சாரின் கதை இதைவிட மோசம். அம்மோனியா, பென்சீன், ஆல்கஹால், புகை என எல்லாவற்றுக்கும் அது அசைகிறது. எது வந்தது என்று பிரித்துச் சொல்லாது. ஒரு நாளுக்கு மேல் சூடேற்றிய பிறகே அளக்க வேண்டும். ஆயினும் அதன் மின்னழுத்தத்தை ஒரு சூத்திரத்தில் போட்டுக் கரியமில வாயு என்றோ, நேராகக் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு என்றோ அச்சிடும் திட்ட அறிக்கைகள் பல. மலேசியாவின் அந்தக் குறியீடு, மக்கள் ஐபியு என்று சொல்வது, ஆறு மாசுகளைத் தனித்தனியே கணக்கிட்டு மிகுந்ததை எடுப்பது. பிஎம்2.5 அதில் சேர்ந்தது 2018இல்தான். அதற்கும் 24 மணி நேரச் சராசரி வேண்டும். அடுப்பங்கரையில் மீன் பொரிக்கும்போது கருவி ஒரு நொடியில் காட்டும் 180 என்ற எண் ஐபியு ஆகாது. அதை அப்படி அறிவிப்பது பெற்றோரை வீணாக மிரட்டும்; உண்மையான புகை நாளில் எச்சரிக்கையை நம்பாமலும் செய்யும்.

அதற்காக மலிவான சென்சாரை ஒதுக்கத் தேவையில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, பிஎம்எஸ்5003ஐத் தயாரிக்கும் நிறுவனத்தின் சென்சார் கொண்ட பர்ப்பிள்ஏர் கருவிகளைத் தரமான கருவிகளின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, 2021இல் ஒரு திருத்தச் சமன்பாட்டை வெளியிட்டது. சென்சார் தரும் எண்ணை ஏறத்தாழப் பாதியாக்கி, ஈரப்பதத்துக்கும் கழிக்கிறது அது. மிகைப்படுத்திக் காட்டிய கருவி, ஒப்பிட்டுத் திருத்திய பிறகு பயனுக்கு வந்தது. சென்னை ஐஐடியின் ‘காற்று’ திட்டமும் மலிவான சென்சார்களை வாகனங்களில் ஏற்றி, நிலையங்கள் எட்டாத தெருக்களை அளக்கும் முயற்சிதான்.

அமெரிக்கச் சமன்பாட்டை அப்படியே பினாங்கில் ஒட்டவும் முடியாது. இங்கே ஈரமும் வேறு, சுமத்ராவிலிருந்து வரும் புகையும் வேறு. பினாங்குக்கான திருத்தத்தைப் பினாங்கில்தான் கண்டறிய வேண்டும். அதுவே ஓர் இறுதியாண்டுத் திட்டத்துக்குப் போதுமான, புதுமையான ஆய்வு. ஆனால் மதிப்பெண் பெரும்பாலும் செயலியின் அழகுக்கும் கண்காட்சிப் பதக்கத்துக்குமே போகிறது.

விரிவுரையாளர்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மிண்டன் நிலையத்துக்கு அருகே இரண்டு வாரமாவது கருவியை வைத்து எடுத்த ஒப்பீட்டு வரைபடம். அது இல்லாத அறிக்கைக்கு முழு மதிப்பெண் தரக் கூடாது. சுற்றுச்சூழல் துறையும் தன் நிலையங்களின் வேலியோரத்தில் மாணவர் கருவிகளுக்கு ஒரு கம்பம் நட்டுத் தர வேண்டும். நிபோங் திபாலில் அடுத்த முறை குப்பைமேடு எரிந்தால், பைராம் தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகலாமா என்பதற்கு நம்பத்தகுந்த ஓர் எண் தேவைப்படும்.