அழித்துவிட்டு ஆளுகை என்பதா?

உரையாடல் பதிவுகள் குறித்த நாளில் தாமாகவே அழிய வேண்டும் என்பதைத் தகவல் ஆளுகையின் சிறந்த நெறியாகப் பெரிய நிறுவனங்கள் இப்போது கொண்டாடுகின்றன. செலவு மிச்சம், வழக்கு வந்தால் தேடும் வேலையும் குறைவு என்பது அவர்கள் வாதம்.

அதில் நியாயம் உண்டு. எல்லாவற்றையும் குவித்துவைத்தால் வேண்டியது அகப்படாது. நோக்கம் முடிந்ததும் தனிநபர் தரவை நீக்கச் சொல்கிறது இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். கணக்கேடுகளுக்கு 8 ஆண்டுக் காப்பும், 2023 ஏப்ரல் முதல் கணக்கு மென்பொருளில் திருத்தத் தடமும் கட்டாயமானது நல்லதே.

ஆனால் தகராறின் உயிர் கணக்கேட்டில் இல்லை. விலையைக் குறைக்கச் சொன்னது யார், ஏன் என்பதெல்லாம் அரட்டையில்தான் இருக்கிறது. கூகுளில் ஊழியர்கள் சேமிக்காத அரட்டை 24 மணி நேரத்தில் அழிந்தது. அந்நிறுவனத்தின் மீது வழக்கு நடந்தபோதும் எதைச் சேமிப்பது என்பதை ஊழியரிடமே விட்டார்கள். அது கடமை தவறியது என்று 2023 மார்ச்சில் அமெரிக்க நீதிபதி ஜேம்ஸ் டொனாட்டோ கண்டார். 2024 ஆகஸ்டில் மற்றொரு கூகுள் வழக்கில் நீதிபதி அமித் மேத்தாவும் கண்டித்தார். ஆனால் அவர் தண்டனை விதிக்கவில்லை.

அங்கேயே அப்படியென்றால் பாப்பாரப்பட்டியில் தக்காளி போடும் விவசாயியின் கதி என்ன? ஒரு நிறுவனத்தின் கொள்முதல் முகவர் தன் சொந்த போனிலிருந்து வாட்ஸ்அப்பில் விலை சொல்கிறார். செய்தி ஒரே நாளில் மறையும்படி வைத்திருந்தால் மறுநாள் அது இல்லை. நிறுவனத்தின் சர்வரில் அதன் சுவடே கிடையாது. விவசாயி படம் பிடித்து வைத்திருந்தாலும், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி கோப்பு மாறவில்லை எனக் காட்டும் ஹாஷ் மதிப்போடு சான்றிதழ் வேண்டும், நிபுணர் ஒப்பமும் வேண்டும். நிறுவனத்துக்கோ ‘எங்களிடம் இல்லை’ என்ற ஒரே வரி போதும்.

தனக்குப் பாதகமான ஆவணத்தையும் வெளியிட வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டம். அழிந்ததை எப்படி வெளியிடுவது? ஆவணத்தை மறைத்தவருக்கு எதிராக நீதிமன்றம் ஊகிக்கலாம்தான். ஆனால் அப்படி ஒன்று இருந்தது என்பதை விவசாயி முதலில் காட்டியாக வேண்டும். இல்லாதவனிடம் சாட்சி கேட்டு, இருப்பவனுக்கு அழிக்கும் உரிமை தருவதை ஆளுகை என்று நான் ஏற்க மாட்டேன்.

வியாபாரம் பேசப்படும் போன் எவருடையதாயினும் அதிலுள்ள பேச்சு நிறுவனத்தின் ஏடு. பிணக்கின் முதல் சொல் எழுந்த அன்றே அழிப்பு நிற்க வேண்டும். முன்பு மண்டியில் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டு விவசாயியின் மடியில் இருந்தது. அதைக் காட்டி அவரால் கேட்க முடிந்தது. அந்தச் சீட்டுக்கு ஈடான ஒன்றை அவர் கையில் கொடுக்காத எந்தக் கொள்கையும் தகவலை ஆளவில்லை, பொறுப்பைத்தான் அழிக்கிறது.